ட்ரெண்டிங் பேச்சு திரையில் அசையட்டும்: நேரலை அனிமேஷன், முதல் அடியிலிருந்து

ட்ரெண்டிங் பட்டியலைத் திறந்தால் பத்து வரி இருக்கும். முதலிடத்துச் சொல் ஏறிக்கொண்டிருக்கிறதா, ஓய்ந்துகொண்டிருக்கிறதா, அரை மணி நேரமாக அங்கேயே நிற்கிறதா என்பதை அந்தப் பத்து வரி சொல்லாது. அசைவு சொல்லும். அதனால்தான் இந்த வேலை எனக்குப் பிடிக்கும். மாறிக்கொண்டே இருப்பதை மாறும்போதே காட்ட அனிமேஷனைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

தேவையானவை: ஒரு லேப்டாப், ஒரு பிரவுசர், ஜாவாஸ்கிரிப்டில் மாறி, ஃபங்ஷன், இஃப் ஆகியவற்றோடு கொஞ்சம் பழக்கம். திரையில் வரைய உதவும் பி5.ஜேஎஸ் என்ற இலவச ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தை அதன் இணைய எடிட்டரிலேயே பயன்படுத்தலாம், எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம். கட்டளைப் பெயர்களை இங்கே தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். எடிட்டரில் தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டுங்கள்.

படி 1: பேச்சு ஓடும் குழாயைப் பிடியுங்கள்

ஒரு காலத்தில் இதற்கு எல்லோரும் ட்விட்டரிடம் போவார்கள். 2023 பிப்ரவரியில் அது இலவச ஏபிஐயை (நம் நிரல் அதன் பதிவுகளை வாங்கும் வாசல்) நிறுத்துவதாக அறிவித்த பிறகு, கற்றுக்கொள்ள வருபவருக்கு அந்த வழி கட்டுப்படியாகாது. நாம் ட்விட்டரைப் போன்ற இன்னொரு சமூக வலைத்தளமான ப்ளூஸ்கையை எடுத்துக்கொள்வோம். அதன் பொதுப் பதிவுகள் அத்தனையும் ‘ஜெட்ஸ்ட்ரீம்’ என்ற ஓடையில் நேரலையாக வருகின்றன. கணக்கு வேண்டாம், சாவி வேண்டாம், கட்டணமும் இல்லை. சர்வர் முகவரிகள் ஜெட்ஸ்ட்ரீமின் கிட்ஹப் பக்கத்திலேயே இருக்கின்றன, ஒன்றை நகலெடுத்துக்கொள்ளுங்கள். பதிவுகள் மட்டும் போதும் என்று அந்த முகவரியோடு சேர்த்துச் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் லைக்குகளும் ஃபாலோக்களும் சேர்ந்து கொட்டும்.

பிரவுசரில் ‘வெப்சாக்கெட்’ ஒன்றை, அதாவது சர்வரோடு மூடாமல் திறந்தே இருக்கும் இணைப்பை, திறந்து அந்த முகவரியைக் கொடுங்கள். செய்தி வரும்போதெல்லாம் கன்சோலில் அச்சிடச் சொல்லுங்கள். ஒவ்வொரு செய்தியும் ஒரு ஜேசன் பொட்டலம், அதாவது பெயரும் மதிப்பும் ஜோடி ஜோடியாக இருக்கும் உரை. உள்ளே எழுதியவரின் அடையாள எண், மைக்ரோவினாடியில் நேரம், ‘கமிட்’ என்ற பெட்டி, அதற்குள் ‘ரெக்கார்ட்’, அதற்குள் ‘டெக்ஸ்ட்’ என்று பதிவின் வாசகம் இருக்கும். ஐந்து நிமிடம் அதைச் சும்மா பாருங்கள். ஜப்பானியம், போர்த்துகீசியம், ஆங்கிலம் என்று உலகம் பேசுவது வரிவரியாக ஓடும். இந்த இடத்தில் அவசரப்பட வேண்டாம், பொட்டலத்தின் உள்ளமைப்பு கண்ணுக்குப் பழகட்டும்.

படி 2: சொல்லைப் பிரித்தெடுங்கள்

முதலில் ஹேஷ்டேக் மட்டும் போதும். முழு வாசகத்தையும் சொல்சொல்லாக உடைத்தால் ‘ஒரு’, ‘இந்த’, ‘என்று’ போன்றவைதான் மேலே வந்து நிற்கும்.

தமிழ் ஹேஷ்டேக்கைப் பிடிக்க நினைப்பவர்கள் இங்கே கவனமாக இருக்க வேண்டும். இணையத்தில் கிடைக்கும் ரெகெக்ஸ் (வாசகத்தில் சொல்லைத் தேடிப் பிடிக்கும் சூத்திரம்) பலவற்றில், சொல்லின் எழுத்தைக் குறிக்கும் குறி ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு ஆகியவற்றை மட்டுமே அறியும். தமிழ் அதன் கண்ணுக்கே தெரியாது. ‘யூனிகோட் எழுத்து எதுவானாலும்’ என்று மாற்றினால் மட்டும் சரியாகிவிடாது. யூனிகோட் கணக்கில் நம் உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் ‘எழுத்து’ வகையில் சேராமல் ‘குறி’ வகையில் இருக்கின்றன. அதனால் ‘தமிழ்நாடு’ என்ற சொல் ‘தம’, ‘ழ’, ‘ந’, ‘ட’ என்று நான்கு துண்டாகச் சிதறும். எழுத்து வகையையும் குறி வகையையும் சேர்த்துக் கேளுங்கள், சொல் முழுதாக வரும்.

இன்னொன்றும் உண்டு. ‘கொ’ என்பதில் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் தட்டலாம், முன்னால் ஒற்றைக் கொம்பு, பின்னால் கால் என்று இரண்டு குறிகளாகவும் தட்டலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோல் இருந்தாலும் கணினிக்கு அவை இரண்டு வேறு சொற்கள். எண்ணுவதற்கு முன் ‘நார்மலைஸ்’ ஃபங்ஷன் வழியாக ஒவ்வொரு சொல்லையும் ஒருமுறை அனுப்பிவிடுங்கள். ஆங்கிலச் சொல் என்றால் சிற்றெழுத்துக்கு மாற்றுங்கள்.

படி 3: நிமிடப் பெட்டிகள்

ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஒரு பெட்டி வையுங்கள். அந்த நிமிடத்தில் வந்த சொல்லையும் அதைச் சொன்னவர் எண்ணிக்கையையும் அதில் போடுங்கள். 65 பெட்டி போதும்: கடைசி ஐந்து நிமிடத்துக்கு 5, அதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்கு 60. புதிது ஒன்று வந்தால் பழையது ஒன்று போகட்டும், மெமரி வீங்காது. எத்தனை பதிவு என்று எண்ணாமல் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். ஒரே கணக்கு ஒரு நிமிடத்தில் ஐம்பது முறை கத்தினாலும் ஒன்றுதான்.

படி 4: எது ட்ரெண்டிங்?

அதிகம் பேசப்படுவது வேறு, திடீரென்று பேசப்படுவது வேறு. இந்த வித்தியாசத்தைத் தவறவிட்டால் அனிமேஷன் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது சொல்லும் செய்தி தப்பு.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு. ‘ஓவியம்’ என்ற டேக்கை முந்தைய ஒரு மணி நேரத்தில் 240 பேர் போட்டார்கள், ஐந்து நிமிடத்துக்குச் சராசரி 20. கடைசி ஐந்து நிமிடத்தில் 22. ‘நிலநடுக்கம்’ அதே ஒரு மணி நேரத்தில் 12, சராசரி 1. கடைசி ஐந்து நிமிடத்தில் 15. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் ஓவியம்தான் முதலிடம். ஆனால் எங்கோ நிலம் குலுங்கியிருக்கிறது.

ஆகவே இப்போதைய எண்ணிக்கையைப் பழைய சராசரியால் வகுக்க வேண்டும். அதிலும் ஒரு சிக்கல்: இதுவரை யாருமே சொல்லாத சொல்லை இரண்டு பேர் சொன்னால் பூஜ்யத்தால் வகுக்க நேரும், விடை முடிவிலியாகிவிடும். அதற்காக மேலும் கீழும் 5 கூட்டிக்கொள்ளுங்கள். ஓவியம்: 27ஐ 25ஆல் வகுக்க 1.08. நிலநடுக்கம்: 20ஐ 6ஆல் வகுக்க 3.33. இருவர் சொன்ன புதுச் சொல்: 7ஐ 5ஆல் வகுக்க 1.4. வரிசை இப்போது நியாயமாக வருகிறது. அந்த 5ஐக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். பெரிதாக வைத்தால் சின்னச் சலசலப்பு அடங்கும், சிறிதாக வைத்தால் எல்லாம் துள்ளும். தமிழ்ப் பதிவுகளை மட்டும் எடுத்தால் ஓட்டம் மெலிதாக இருக்கும், 2 போதும்.

படி 5: வரையுங்கள்

நான் முதலில் ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு குமிழி வரைந்தேன். டேப்பை மாற்றி வேறு வேலை பார்த்துவிட்டுத் திரும்பினால் திரை திணறியது. மறைந்திருக்கும் டேபில் பிரவுசர் வரைவதை நிறுத்திவிடும், ஆனால் வெப்சாக்கெட்டில் செய்தி வந்துகொண்டேதான் இருக்கும். வரையக் காத்திருந்தவை ஆயிரக்கணக்கில் சேர்ந்துபோயின. அன்றிலிருந்து இரண்டையும் பிரித்தே வைக்கிறேன். செய்தி வந்தால் பெட்டியில் எண்ணிக்கை மட்டும் கூடும். ஒவ்வொரு ஃப்ரேமுக்கும், அதாவது அசைவின் ஒவ்வொரு படத்துக்கும், பி5 தானாக அழைக்கும் ‘டிரா’ ஃபங்ஷன் பெட்டியைப் பார்த்து வரையும். ஒன்றுக்காக மற்றொன்று காத்திருக்காது.

படி 4இல் வகுத்து வந்த விடைதான் சொல்லின் மதிப்பெண். அதில் முதல் பன்னிரண்டு சொற்களை எடுத்து ஆளுக்கொரு வட்டம் கொடுங்கள். வட்டத்தின் பரப்பு எத்தனை பேர் என்பதைச் சொல்லட்டும், நிறம் எவ்வளவு வேகம் என்பதைச் சொல்லட்டும். பரப்பு என்பதால் விட்டத்துக்கு வர்க்கமூலம் எடுக்க வேண்டும்: நான்கு மடங்கு பேர் என்றால் இரண்டு மடங்கு விட்டம். நேரடியாகப் பெருக்கினால் கண்ணுக்குப் பதினாறு மடங்காகத் தெரியும்.

வட்டம் புது அளவுக்குச் சட்டென்று தாவக் கூடாது. ஒவ்வொரு ஃப்ரேமிலும் இருக்கும் அளவுக்கும் போக வேண்டிய அளவுக்கும் உள்ள இடைவெளியில் 5 சதவீதம் மட்டும் நகரட்டும். பி5இல் ‘லெர்ப்’ என்ற ஒரே கட்டளை இதைச் செய்யும். வினாடிக்கு 60 ஃப்ரேம் என்றால் ஒரு வினாடியில் ஏறக்குறைய 95 சதவீதம் தூரத்தைக் கடந்துவிடும். மூச்சு வாங்குவதுபோல் வட்டம் விரியும். மேலே ஏறும் சொல்லை மேல்நோக்கியும் அடங்கும் சொல்லைக் கீழ்நோக்கியும் நகர்த்துங்கள். காரணமில்லாத சுழற்சி, மினுமினுப்பு எதுவும் வேண்டாம். 2013இல் வந்த ‘லிசன் டு விக்கிபீடியா’ தளத்தைப் பாருங்கள்: ஒருவர் கட்டுரையில் சேர்த்தால் மணி ஒலிக்கும், நீக்கினால் தந்தி ஒலிக்கும், மாற்றம் பெரிதானால் சுருதி இறங்கும். அங்கே பொருளில்லாத ஓசை ஒன்றுகூட இல்லை.

தமிழ் எழுத்துருவை சிஎஸ்எஸ் வழியாக ஏற்றி, ‘டெக்ஸ்ட்ஃபான்ட்’டில் பெயரை மட்டும் கொடுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ் நன்றாக இருக்கும். சொல்லை எழுத்தெழுத்தாக ஓடவிடும் அனிமேஷனை மட்டும் தவிருங்கள், கொம்பு ஒரு பக்கமும் மெய் ஒரு பக்கமும் பறக்கும்.

படி 6: ஓடவிடுமுன்

இணைப்பு அறுந்தால் மறுபடி இணையும்படி எழுதுங்கள். கடைசியாக வந்த பொட்டலத்தின் நேரத்தைக் கொடுத்தால் ஜெட்ஸ்ட்ரீம் விட்ட இடத்திலிருந்து தொடரும். யாருடைய பெயரையும் பதிவையும் திரையில் போடாதீர்கள், சொல்லும் எண்ணிக்கையும் போதும். ஒருவர் தன் பதிவை அழித்த பிறகும் நம் திரையில் அது மிதப்பது நியாயமில்லை. அசைவைக் குறைக்கும்படி சிலர் தங்கள் கணினியில் அமைத்திருப்பார்கள், அதை பிரவுசரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு அவர்களுக்கு நிலையான பட்டியலைக் காட்டுங்கள். எதுவும் வினாடிக்கு மூன்று முறைக்கு மேல் பளிச்சிடக் கூடாது, சிலருக்கு அது வலிப்பையே வரவழைக்கும்.

இனி ஓடவிடலாம். முதல் ஒரு மணி நேரம் திரையில் எது துள்ளினாலும் நம்பாதீர்கள். ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய பெட்டிகள் இன்னும் நிரம்பியிருக்காது.