பழைய சதுரங்கத்தை உங்கட செஸ் செட்டிலயே விளையாடுறது எப்பிடி

அண்ணாட மகன் "சித்தப்பா, செஸ் எங்கயிருந்து வந்தது" எண்டு கேட்டான், இந்தியாவில, 6ஆம் நூற்றாண்டு அளவில எண்டு நான் தொடங்க முதலே போனை எடுத்திட்டான். அண்டைக்குப் பின்னேரம் வெள்ளவத்தையில கரண்ட் இல்ல, போனிலயும் சார்ஜ் இல்ல, அப்பதான் பழைய விதியில ஒரு கேம் போட்டுக் காட்டினன். நீங்களும் போட்டுப் பாருங்கோ, வீட்டில கிடக்கிற பிளாஸ்டிக் செட்டே காணும்.

முதல் பலகை. முந்தி கறுப்பு வெள்ளைக் கட்டம் இல்ல, எல்லாம் ஒரே நிறம், அஷ்டாபதம் எண்டு அதுக்குப் பேர். பழைய கலண்டர் தாளைத் திருப்பிப்போட்டு 8க்கு 8 கட்டம் கீறுங்கோ. சின்ன வேலை எண்டு நினைக்காதேங்கோ, நிறம் இல்லாட்டி குறுக்குமூலை கண்ணில பிடிபடாது, நான் ரெண்டு தரம் பிழையா வச்சு அவனிட்டப் பேச்சு வாங்கினன்.

காய்களை வழமை மாதிரியே அடுக்குங்கோ, ஆனா பேரை மாத்தோணும். இதிலதான் நாங்கள் எல்லாரும் குழம்புறது. மூலையில நிக்கிறதை எங்கட வீட்டில யானை எண்டுதான் சொல்லுறது, பிஷப்பை மந்திரி எண்டு. பழைய ஆட்டத்தில மூலையில நிண்டது தேர், பிஷப் நிக்கிற இடத்திலதான் யானை, மந்திரி ராணிட இடத்தில, ராஜாவுக்குப் பக்கத்தில. ராணியே இல்ல. தேர், யானை, குதிரை, காலாள், இந்த நாலு படைதான் சதுரங்கம் எண்ட பேரே. காயில சின்னத் துண்டு டேப் ஒட்டி எழுதிவிட்டா சண்டை வராது.

இனி நகர்த்தல். நான் சொல்லுறது இதே ஆட்டத்தை அரபுக்காரர் ஷத்ரஞ்ச் எண்டு விளையாடின விதி, 9ஆம், 10ஆம் நூற்றாண்டுகளில அல் அத்லி, அஸ் சூலி எண்ட ரெண்டு பேர் அதைப் பற்றிப் புத்தகமே எழுதினவை. தேர், குதிரை, ராஜா இண்டைய மாதிரித்தான், ஆனா காஸ்லிங், அதான் ராஜாவையும் மூலைக்காயையும் ஒரே தரத்தில நகர்த்துறது, கிடையாது. சிப்பாய் முதல் தரமும் ஒரு கட்டம்தான், கடைசி வரிசைக்குப் போனா மந்திரியா மட்டும்தான் மாறலாம். மந்திரி குறுக்க ஒரே ஒரு கட்டம், பாவம்.

யானைதான் விசேசம். குறுக்க சரியா ரெண்டாவது கட்டத்துக்குப் பாயும், இடையில ஆர் நிண்டாலும் தாண்டிப் போகும், ஆனா பக்கத்துக் கட்டத்தில நிக்கிறவனை ஒண்டும் செய்யேலாது. கொஞ்சம் மாக்கர் எடுத்து ஒரு யானை போகக்கூடிய கட்டமெல்லாம் புள்ளி வச்சுப் பாருங்கோ, 64இல 8தான் வரும். மற்ற மூண்டு யானைக்கும் வேற வேற 8. அதாவது விடிய விடிய விளையாடினாலும் யானை யானையை வெட்டவே ஏலாது, இதைக் கண்டுபிடிச்சபிறகுதான் பெடியன் நிமிர்ந்து இருந்தான்.

தொடக்கம் சரியான மந்தம், கொட்டாவி வரும். அந்தக் காலத்து ஆக்களுக்கும் அப்பிடித்தான் போல, அவை தபியா எண்டு சில அடுக்குகளை வச்சிருந்தவை, ரெண்டு பேரும் மளமளவெண்டு அந்த நிலைக்கு வந்திட்டுத்தான் உண்மையான சண்டை. நீங்களும் எதிராளிட பக்கம் தாண்டாமல் ஆளுக்கு ஒரு பத்து நகர்த்தல் கெதியா வச்சிடுங்கோ.

வெல்லுறது மூண்டு வழி. செக்மேட் ஒண்டு, பாரசீகத்து 'ஷா மாத்' தான் அது, ஷா எண்டா ராஜா. எதிராளிட ராஜாவைத் தவிர எல்லாத்தையும் வெட்டினாலும் வெற்றி, ஆனா அடுத்த நகர்த்தலிலயே அவர் உங்களையும் தனி ராஜா ஆக்கினா சமன். மூண்டாவது, ஸ்டேல்மேட், இண்டைக்கு அது சமன், அப்ப செக் இல்லாமலே நகர இடமில்லாமல் மாட்டுப்பட்டவர் தோல்வி.

முடிஞ்ச உடன அதே தாளில ரெண்டாவது கேம் போடுங்கோ, மந்திரிக்கு இண்டைய ராணிட பலத்தையும் யானைக்கு இண்டைய பிஷப்பிட ஓட்டத்தையும் மட்டும் குடுத்து, மற்றதெல்லாம் பழசாவே விடுங்கோ. 15ஆம் நூற்றாண்டு முடியிற நேரம் ஸ்பெயின், இத்தாலிப் பக்கம் நடந்த பெரிய மாற்றம் இதுதான். எங்கட முதல் கேம் ஒண்டரை மணித்தியாலம் இழுபட்டது, இது தேத்தண்ணி ஆற முதல் முடிஞ்சுது, தோத்தது நான்.