"குறைந்தது ஒன்று" என்று கேட்டால் எதிர்ப்பக்கத்திலிருந்து தொடங்குங்கள்

நிகழ்தகவுக் கணக்கில் "குறைந்தது ஒரு முறையாவது" என்ற சொற்கள் கண்ணில் பட்டவுடன், கேட்கப்பட்ட நிகழ்ச்சியை நேரடியாகக் கணக்கிட முனையாமல், அது ஒரு முறைகூட நிகழாமல் போவதற்கான நிகழ்தகவைக் கண்டு 1-இலிருந்து கழிப்பதே எளிய வழியாகும்.

ஒரு பகடையை 4 முறை உருட்டும்போது குறைந்தது ஒரு 6 விழுவதற்கான நிகழ்தகவைப் பலர் 4/6 என்று எழுதிவிடுகிறார்கள். அதே முறையில் 7 முறை உருட்டினால் விடை 7/6 ஆகிவிடும். நிகழ்தகவு 1-ஐத் தாண்டாது என்பதால், அந்த முறை தவறு என்பதை அறிய இதுவே போதும். ஓர் உருட்டலில் 6 விழாமலிருப்பதன் நிகழ்தகவு 5/6. உருட்டல்கள் ஒன்றையொன்று சாராதவை என்பதால், நான்கிலும் விழாமலிருப்பதன் நிகழ்தகவு 5/6-இன் நான்காம் அடுக்கு, அதாவது 625/1296 ஆகும். எனவே விடை 671/1296, ஏறத்தாழ 0.518.

1654-இல் பிரெஞ்சுக் கணித அறிஞர்களான பாஸ்கலும் பெர்மாவும் எழுதிக்கொண்ட கடிதங்களில் வரும் சூதாட்டப் புதிரும் இவ்வகையைச் சேர்ந்ததே: இரண்டு பகடைகளைச் சேர்த்து 24 முறை உருட்டி ஒரு முறையாவது இரட்டை 6 பெறுவதன் நிகழ்தகவு 0.491 மட்டுமே, அதாவது பாதிக்கும் சற்றுக் குறைவு.

எடுத்த பந்தைத் திரும்பப் பையில் போடாத கணக்குகளில் மட்டும் கவனம் தேவை. 5 சிவப்பு, 3 நீலப் பந்துகளிலிருந்து இரண்டை எடுக்கும்போது, இரண்டும் நீலமாக இருப்பதன் நிகழ்தகவு 3/8 × 2/7; இதில் இரண்டாம் பின்னத்தின் தொகுதி, பகுதி இரண்டுமே ஒன்று குறைந்துவிடுகின்றன. எனவே குறைந்தது ஒரு சிவப்பு கிடைப்பதன் நிகழ்தகவு 1 − (3/8 × 2/7) = 25/28. "குறைந்தது இரண்டு" என்று கேட்டிருந்தால், பூச்சியம், ஒன்று ஆகிய இரு நிலைகளையும் கழிக்க வேண்டும். தேர்வுகளில் மதிப்பெண் பெரும்பாலும் இங்கேதான் நழுவுகிறது.