மதீராவிலிருந்து கயானாவுக்கு: மூதாதையரைத் தேடுவோர் வழி தவறும் இடங்கள்

1835 மே மாதம் 'லூயிசா பெய்லி' என்ற கப்பல், அட்லாண்டிக் கடலில் போர்ச்சுகலுக்குச் சொந்தமான மதீராத் தீவின் போர்த்துக்கீசியர் 40 பேரைத் தென் அமெரிக்காவின் பிரிட்டிஷ் கயானாவில் (இன்றைய கயானா) இறக்கிவிட்டது. கரும்புத் தோட்ட வேலைக்கு வந்தவர்கள். அடுத்த அரை நூற்றாண்டுக்குள் அந்த வழியே வந்தோர் 30,000-ஐத் தாண்டினார்கள். அவர்களின் வழித்தோன்றல்கள் இன்று வேர்களைத் தேடும்போது பெரும்பாலும் இடறி விழுவது குடும்பப்பெயரில்தான்.

'கொன்சால்வஸ்' என்ற பெயரையே பாருங்கள். போர்த்துக்கீசியர் அதன் நடுவில் எழுதுவது, அடியில் சிறு வால் கொண்ட 'சி' எழுத்து. ஆங்கிலக் குமாஸ்தாவின் பேனா அங்கே 'எஸ்' போட்டது. செயின்ட் வின்சென்ட் தீவின் பிரதமராக இருந்த ரால்ஃப் கொன்சால்வஸின் பெயரிலும் அந்த 'எஸ்' இருக்கிறது. ஒரே எழுத்துக்கூட்டலைப் பிடித்துக்கொண்டு தேடினால் பாதிக் குடும்பம் கண்ணில் படாது.

பெண்களின் பெயர் இன்னும் ஏமாற்றும். 'மரியா டி ஜீசஸ்' என்று பதிவில் கண்டதும் 'ஜீசஸ்' குடும்பத்தைத் தேடிக் கிளம்பிவிடுகிறார்கள். அது பெரும்பாலும் பக்தியால் சூட்டிய பெயர். தந்தைக்கு அந்தப் பெயர் இருக்க வேண்டியதில்லை. உடன்பிறந்தவர்களில் ஒருவர் தாய்வழிப் பெயரையும் மற்றவர் தந்தைவழிப் பெயரையும் கொண்டிருப்பதும் உண்டு. ஞானஸ்நானப் பதிவில் குழந்தைக்கு இடப்பட்ட பெயர் மட்டுமே இருக்கும் என்பதால், பெற்றோர் பெயரை வைத்துத் தேடுங்கள். 19ஆம் நூற்றாண்டுப் பதிவு என்றால் தாத்தா பாட்டி பெயர்களும் பல வேளைகளில் அதிலேயே கிடைத்துவிடும். ஒரு தாளில் மூன்று தலைமுறை!

அந்தத் தாளை எட்ட, 'மதீரா' என்று மட்டும் தெரிந்தால் போதாது. ஞானஸ்நானப் பதிவேடுகள் பங்குவாரியாக, அதாவது ஒவ்வொரு தேவாலயத்துக்கும் உட்பட்ட பகுதிவாரியாக, இருக்கின்றன. எனவே கல்லறைக் கல்வெட்டிலும் பழைய திருமணப் பதிவிலும் பங்கின் பெயரை முதலில் தேடுங்கள். அது தெரிந்துவிட்டால், மதீராவின் தலைநகரான ஃபுன்ஷலின் ஆவணக் காப்பகம் இணையத்தில் வைத்திருக்கும் பதிவேடுகளை வீட்டிலிருந்தே புரட்டலாம்.

கயானாவின் மக்கள்தொகைக் கணக்கில் 'ஐரோப்பியர்' பத்தியோடு நிறுத்திவிடாதீர்கள். காலனி அரசு போர்த்துக்கீசியரைத் தனி இனமாகவே எண்ணியது.

போர்த்துக்கீசியர் என்றால் கத்தோலிக்கர் என்ற முடிவும் பலரைக் கவிழ்த்திருக்கிறது. ஸ்காட்லாந்து மருத்துவர் ராபர்ட் காலியைப் பின்பற்றிய மதீராப் புராட்டஸ்டன்ட்டுகள் 1846இல் விரட்டப்பட்டு, கரீபியத் தீவான டிரினிடாட் சேர்ந்தார்கள். அவர்களுடைய பிறப்பும் திருமணமும் பிரெஸ்பிட்டேரியன் என்ற புராட்டஸ்டன்ட் சபையின் ஏடுகளில்தான் இருக்கும். அங்கும் திடீரென்று ஒரு குடும்பம் காணாமல்போனால் இறந்துவிட்டதாக எழுதிவிடாதீர்கள். 1849 முதல் அவர்களில் பலர் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தார்கள். ஜாக்சன்வில், ஸ்பிரிங்ஃபீல்டு ஊர்ப் பதிவுகளையும் ஒருமுறை பாருங்கள்.