ஜெல் ஓட்டுவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மின்சாரம் பாய்ச்சிப் புரதங்களை ஜெல்லில் பிரிக்கும்போது மின்முனையை மாற்றிப் போடுவது, சாம்பிள் விடும் கிணறைக் கிழிப்பது எல்லாம் ஒரு தடவை பட்டால் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுவோம். லேபுக்கு வரும் ஒவ்வொரு புது பேட்ச்சும் திரும்பத் திரும்பச் செய்கிற சில மட்டும் இங்கே.

யூரியா சாம்பிளைச் சூடாக்குவது

எஸ்.டி.எஸ். (புரதத்தை விரிக்கும் சோப்பு போன்ற பொருள்) ஜெல்லுக்கு 95 டிகிரியில் 5 நிமிடம் வைத்துப் பழகிய கை, 2டி ஜெல்லுக்கான (மின்சுமை, அளவு என இரு திசையில் பிரிப்பது) யூரியா சாம்பிளையும் அதே ஹீட்டிங் பிளாக்கில் செருகிவிடுகிறது. யூரியா கரைசலில் எப்போதும் கொஞ்சம் சயனேட் உண்டு. சூடு ஏறினால் அது பெருகி, லைசினிலும் புரதத்தின் அமினோ முனையிலும் ஒட்டிக்கொள்ளும். லைசினின் நேர்மின்சுமை போய்விடுவதால், ஒரே புரதம் அமிலப் பக்கமாக நகர்ந்து நாலைந்து புள்ளிகளாக வரிசைகட்டி நிற்கும். உடனே 'பாஸ்பாரிலேஷன்!' (புரதத்தில் பாஸ்பேட் ஒட்டியிருக்கிறது) என்று குதித்து, புள்ளிகளை வெட்டி, நிறையை அளக்கும் மாஸ் ஸ்பெக்குக்குப் பணம் கட்டுவார்கள். வருவது 80 டால்டன் கூடுதல் அல்ல, 43. சயனேட் ஒட்டிய கார்பமைலேஷன்! போதாததற்கு, புரதத்தைத் துண்டாக்கும் நொதியான டிரிப்சினும் அந்த லைசினில் வெட்டாது. எத்தனை தடவை சொன்னாலும் இது நிற்பதாக இல்லை.

தவறு பல நேரம் கரைசல் தயாரிக்கும்போதே தொடங்கிவிடுகிறது. 8 மோலார் யூரியா என்றால் 100 மில்லிக்கு 48 கிராம். கரையும்போது பீக்கர் சில்லிட்டு வெளியே வியர்க்கும், கரைவது நின்றதுபோல் தோன்றும். அப்போது ஹாட் பிளேட்டின் குமிழில் கை போகக் கூடாது. 30 டிகிரி நீரில் பீக்கரை நிறுத்திக் கலக்கினால் போதும். முதலில் 55 மில்லி தண்ணீர் மட்டும் விடுங்கள், மீதி இடத்தில் பெரும்பகுதியை யூரியாவே பிடித்துக்கொள்ளும். அயனி நீக்கும் ரெசினில் கலக்கி வடிகட்டி, −20இல் சின்னச் சின்ன பங்குகளாக வையுங்கள்.

புரோட்டோகாலில் 'ரூம் டெம்பரேச்சர்' என்றால் 20 முதல் 25 டிகிரி. அக்னி நட்சத்திரத்தில் கரண்ட் போய் ஏ.சி. நின்ற சென்னை லேபுக்கு அது பொருந்தாது. மேசையே 30ஐத் தாண்டியிருக்கும். டிரிப்சின் போட்டு இரவு முழுக்க 37இல் வைப்பதற்கு முன், அம்மோனியம் பைகார்பனேட் ஊற்றி யூரியாவை 1 மோலாருக்குக் கீழே கொண்டுவாருங்கள்.

ரன்னிங் பஃபருக்கு அமிலம் விடுவது

டிரிஸ் 25, கிளைசின் 192 மில்லிமோலார், எஸ்.டி.எஸ். 0.1%. எடை சரியென்றால் பி.எச். தானே 8.3 பக்கம் வந்து நிற்கும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டால் குளோரைடு புகுந்து ஸ்டாக்கிங் (புரதங்கள் மெல்லிய பட்டையாகச் சேர்வது) கெடும்.

எஸ்.டி.எஸ். சாம்பிளுக்கு பிராட்ஃபோர்டு

புரத அளவை அறிய இந்தச் சாயச் சோதனை வேண்டாம், பி.சி.ஏ. சோதனை போடுங்கள். டைசல்பைடு பிணைப்பை உடைக்கும் டி.டி.டி. சேர்த்த பிறகு அதுவும் பொய் சொல்லும்; லோடிங் பஃபர் கலக்கும் முன்பே அளந்துவிடுங்கள்.

பொட்டாசியம் பஃபர்

எஸ்.டி.எஸ். வெள்ளையாகப் படியும். சோடியத்துக்கு மாறுங்கள்.

கெரட்டின்

இது தோல், முடியின் புரதம்; மாஸ் ஸ்பெக்கில் உங்கள் புரதத்தோடு இதுவும் தெரியும். கழுத்து வியர்வையைத் துடைத்த கிளவுஸோடு ஜெல்லைத் தொடாதீர்கள்.