தியாகச் சக்கரத்தில் ஒரு பெயரைத் தேடிப் பிடிக்க

டெல்லியில் குடியேறி பதினெட்டு வருஷம் ஆகிறது. ஊரிலிருந்து யார் வந்தாலும் இந்தியா கேட் பக்கம் கூட்டிப்போவது என் தலையில்தான் விழும். அங்கே தேசியப் போர் நினைவுச் சின்னத்தில், தியாகச் சக்கரம் என்கிற பெயர்ச் சுவர்களில் சொந்தக்காரர் பெயரைப் பார்க்க வருகிறவர்களுக்கு இது உதவும்.

முதலில் எந்தப் போர் என்று தெரிந்துகொள்ளுங்கள். 2019 பிப்ரவரியில் திறந்த இந்த இடத்தில் இருப்பது சுதந்திரத்துக்கு அப்புறம் உயிர்விட்டவர்களின் பெயர்கள். முதல் உலகப் போர் என்றால் பக்கத்திலேயே இந்தியா கேட் வளைவில் தேடலாம், ஆனால் எல்லார் பெயரும் அதில் இல்லை. தாத்தா இரண்டாம் உலகப் போரில் பர்மாவில் இறந்தவரா? டெல்லிக்கு டிக்கெட்டே போட வேண்டாம். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தைப் பாருங்கள்.

வெறும் பெயரோடு மட்டும் வராதீர்கள். ஒரு நண்பரின் அம்மாவோடு போய் நான் பட்ட பாடு போதும். இலங்கைக்குப் போன அமைதிப் படையில் இறந்த தம்பியைத் தேடி வந்தார். வீட்டில் கூப்பிட்ட பெயர் ஒன்று, பட்டாளப் பதிவில் வேறொன்று. குடும்ப பென்ஷன் ஆர்டரில் பட்டாள எண், ரேங்க், ரெஜிமென்ட் எல்லாம் இருக்கும். அதை ஒரு போட்டோ எடுத்துவாருங்கள். உள்ளே தொடுதிரையில் தேடும்போது இனிஷியலை விரித்தும் போட்டுப் பாருங்கள், பெயரில் ழகரம் இருந்தால் லகரமாகவும்.

நினைவுச் சின்னம் சக்கர வியூகம் மாதிரி நான்கு வட்டம். வடிவமைத்தது ஒரு சென்னை நிறுவனம். நடுவில் அமர் சக்கரத்தில் அணையா விளக்கு, அடுத்து வீரச் சக்கரம், அதற்கும் வெளியே நமக்கு வேண்டிய தியாகச் சக்கரம். பதினாறு சுவர்களில் ஒரு கல்லுக்கு ஒருவர் என்று 25,000-க்கும் மேல் பெயர்கள். கடைசி வட்டம் மரங்கள்தான், மே மாதம் போனால் அங்கேதான் ஒதுங்க வேண்டும். போர்க்களத்து வீரத்துக்கான மிக உயர்ந்த விருதான பரம்வீர் சக்கரம் வாங்கிய 21 பேரின் மார்பளவுச் சிலைகள் தனியாக ஒரு பக்கம். அதே அமைதிப் படையில் 1987-ல் இறந்த மேஜர் ராமசாமி பரமேஸ்வரனும் அவர்களில் ஒருவர்.

கல்லில் தமிழ் இருக்காது, வயதானவர்களுக்கு நீங்கள்தான் படித்துச் சொல்ல வேண்டும். அன்றைக்கு அந்த நண்பரின் அம்மாவுக்கு நான் எழுத்தெழுத்தாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக் கல்லுக்குப் பக்கத்தில் குனிந்தவர், "அவன் பேர்ல ழ வருமேப்பா, எங்கே?" என்றார்.