சபைக்கு அடுத்த ஊழியரைப் பழக்குவது எப்படி

சாத்தான்குளம் பக்கத்துக் கிறிஸ்தவச் சேகரம் ஒன்றில், அதாவது ஒரே போதகரின் கீழ் உள்ள பல ஊர்ச் சபைகளில், 18 வருடமாகச் சபை ஊழியத்துக்கு ஆட்களைப் பழக்கி வருகிறேன். பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவள் என்பதால் ஊரில் எல்லாருக்கும் நான் டீச்சர்தான். எங்கள் சேகரத்தில் கோயில்கள், அதாவது தேவாலயங்கள், பல; ஐயர் என்று நாங்கள் கூப்பிடும் போதகர் ஒருவர்தான். அவர் வராத ஞாயிறுகளில் ஆராதனை நடத்தவும், படுக்கையில் கிடப்பவர்களைப் போய்ப் பார்க்கவும், கணக்கு எழுதவும் அந்தந்த ஊரிலேயே ஆள் வேண்டும். அப்படி ஆள் தேடுகிற சபைகளுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் யாரைக் கூப்பிடுவது? மைக்கில் நன்றாகப் பேசுகிற பையனைத்தான் சபை கை காட்டும். கொஞ்சம் பொறுங்கள். வேதாகமத்தில் 1 தீமோத்தேயு 3-ஆம் அதிகாரத்தில், சபையை மேற்பார்க்கும் கண்காணிக்குப் பவுல் சொல்லும் தகுதிகளை எண்ணிப் பாருங்கள். போதிக்கத் தெரிய வேண்டும் என்பது அதில் ஒன்றுதான். மற்றவை பெரும்பாலும் குடி, கோபம், பண ஆசை, வீட்டை நடத்தும் விதம் பற்றியவை. அதனால் நான் ஆராதனை முடிந்த பிறகு கவனிப்பேன். பாயைச் சுருட்டுவது யார், வயதானவர்களைப் படியில் கைபிடித்து இறக்குவது யார் என்று பார்ப்பேன். வீட்டில் அம்மாவிடம் எப்படிப் பேசுகிறான் என்று அக்கம்பக்கத்தில் விசாரிப்பேன்.

இதில் நானே ஒருமுறை சறுக்கியிருக்கிறேன். நல்ல குரல் உள்ள ஒரு தம்பிக்கு, திடப்படுத்தல் எடுத்து, அதாவது சபையில் முழு உறுப்பினனாகி, ஒரே வருடத்தில் பிரசங்கம் கொடுத்துவிட்டேன். எல்லாரும் புகழ்ந்தார்கள். ஆறு மாதம் கழித்து ஒரு பெரியவர் அவனுடைய தவறு ஒன்றைச் சொன்னபோது அவனால் தாங்க முடியவில்லை. கோயிலுக்கு வருவதையே நிறுத்திவிட்டான். நூதன சீஷனாயிருக்கக்கூடாது, அதாவது விசுவாசத்துக்குப் புதியவனாக இருக்கக்கூடாது, என்று அதே 1 தீமோத்தேயு அதிகாரத்தில் எழுதியிருக்கிறது. அவசரப்பட்டது நான். இன்றும் அவனுக்காக ஜெபிக்கிறேன்.

ஆள் கிடைத்தாயிற்றா, சரி, உடனே நோட்டுப் புத்தகத்தை நீட்டாதீர்கள். கூடவே கூட்டிக்கொண்டு போங்கள். இயேசு பன்னிரண்டு பேரை ஏற்படுத்தியபோது, தம்மோடு இருக்க வேண்டும் என்பதைத்தான் மாற்கு முதலில் சொல்கிறார். பிரசங்கிக்க அனுப்புவது அதற்கு அடுத்துத்தான் வருகிறது.

ஒருநாள், கணவரை இழந்து ஒரு வாரமே ஆன பாட்டியைப் பார்க்க ஒரு தம்பியைக் கூட்டிப் போனேன். உட்கார்ந்ததும் வேதாகமத்தைத் திறந்தான். நான் கையை அவன் கைமேல் வைத்தேன். பாட்டி அரைமணி நேரம் பேசினார்கள். தாத்தா பனை ஏறிய காலம், ஒருமுறை விழுந்து இடுப்பு போனது, கடைசி இரவு சுக்குக் காப்பி கேட்டது, போட்டு வருவதற்குள் தூங்கிவிட்டது. பிறகு 121-ஆம் சங்கீதம் வாசித்து நாலு வரி ஜெபம் பண்ணிவிட்டுக் கிளம்பினோம். வழியில் அவனிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்: “தாத்தா கடைசியா என்ன கேட்டாங்க?” அவன் உடனே, “சுக்குக் காப்பி, டீச்சர்” என்றான். எனக்கு நிறைந்துவிட்டது. இந்தக் கேள்விக்குப் பதில் வராவிட்டால் அந்த வீட்டுக்கு மறுபடியும் கூட்டிப் போங்கள்.

பணம் அடுத்தது. காணிக்கைப் பையை ஒருவராக எண்ணவே கூடாது. ஆராதனை முடிந்த கையோடு, கோயிலுக்குள்ளேயே, இரண்டு பேர் எண்ண வேண்டும். பேனாவால் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் எழுந்திருக்க வேண்டும். எருசலேமுக்குப் போன தர்மப் பணத்தைப் பவுலே தனியாகக் கையாளவில்லை, சகோதரர்களைச் சேர்த்துத்தான் அனுப்பினார். விளைச்சலைக் கோயிலுக்குப் படைத்து ஏலம் விடும் அறுப்பின் பண்டிகை இதற்கு நல்ல பயிற்சி. உற்சாகத்தில் ஒரு பூசணிக்காயை 2,000 ரூபாய்க்குக் கேட்டுவிட்டு, பணத்தை மறந்துபோகிறவர்கள் உண்டு. பாக்கியை வாங்கும் பொறுப்பைப் பழகுகிறவரிடம் கொடுங்கள். சொந்தச் சித்தப்பாவின் பாக்கியையும் அடுத்த வீட்டுக்காரர் பாக்கியையும் அவர் ஒரே மாதிரி கேட்கிறாரா என்று பாருங்கள்.

அப்புறம் சாதி. இதை மழுப்பாமல் சொல்ல வேண்டும். சபைத் தேர்தல் வந்தால் குடும்பமும் சாதியும் நம் கோயில்களுக்குள் நுழைந்துவிடுகின்றன. பழகுகிறவர் சபையின் எல்லா வீட்டிலும் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். சாக்குச் சொல்லி ஒரு வீட்டை மட்டும் விட்டால் அவரிடம் பொறுப்புக் கொடுக்காதீர்கள். எங்கள் பக்கத்து வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்த அசரியா, 1912-ல் இந்தியாவின் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயராகி தோர்ணக்கல்லில் ஊழியம் செய்தார். தெலுங்கு நாட்டில் தீண்டாமைக்கு ஆளான மாலா, மாதிகா மக்கள் நடுவில்தான் அந்தச் சபைகள் வளர்ந்தன. இதைப் பழகுகிறவர்களிடம் கட்டாயம் சொல்வேன்.

பெண்களைச் சமையலுக்கும் பாட்டுக்கும் மட்டும் வைக்காதீர்கள். நம் தென்னிந்தியத் திருச்சபையில் 2013-லேயே புஷ்பா லலிதா நந்தியால் பேராயர் ஆகிவிட்டார். கணக்கு நோட்டைப் பெண்களிடமும் கொடுங்கள்.

கடைசியில் விலகத் தெரிய வேண்டும். பழக்குகிறவருக்கு இதுதான் கஷ்டம். நான் மூன்று வருடம் வைத்துக்கொள்கிறேன். முதல் வருடம் நான் செய்வதை அவர் பார்ப்பார், அடுத்த வருடம் சேர்ந்து செய்வோம், மூன்றாம் வருடம் அவர் செய்வதை நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்ப்பேன். பாட்டு எண்ணைத் தப்பாக அறிவித்தாலும் எழுந்து திருத்த மாட்டேன். திங்கட்கிழமை வீட்டுக்கு வந்தால் தனியாகச் சொல்வேன். மூன்றாம் வருடம் முடியும்போது, அவர் தனக்குக் கீழே ஒருவரைக் கூட்டிக்கொண்டு அந்தப் பாட்டி வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். போயிருந்தால் சாவியைக் கொடுத்துவிட்டு, நான் அடுத்த ஊர்க் கோயிலுக்கு ஆராதனைக்குப் போய்விடுவேன்.