எலக்ட்ரிக் காரின் வளைவுப் பிடிப்பு: டேப்பும் ஸ்டாப்வாட்ச்சும் போதும்

வளைவில் கார் எவ்வளவு பிடிக்கிறது என்று பார்க்கப் பலரும் முதலில் போனைத்தான் எடுக்கிறார்கள். சின்ன மேட்டில் ஏறி இறங்கினால் போதும், திரையில் 1.2 ஜி (1 ஜி என்றால் புவியீர்ப்பு முடுக்கத்தின் அளவு) வந்துவிடும். அந்த உச்ச எண்ணை நம்பவே கூடாது. வண்டி 3 டிகிரி சாய்ந்தாலே புவியீர்ப்பின் ஒரு பங்கு, சுமார் 0.05 ஜி, கூடுதலாகக் கணக்கில் ஏறும். முழு வட்டத்தைச் சுற்றும்போது டயர் தாங்கும் சராசரிதான் நமக்கு வேண்டியது.

போக்குவரத்து இல்லாத, மூடிய, சமதளமான காய்ந்த தளம் தேவை. வட்டத்துக்கு வெளியே 20 மீட்டராவது காலியாக இருக்கட்டும். நடுவில் ஆணி அடித்து, டேப்பை இழுத்து, 28.5 மீட்டரில் 16 கோன்கள் வையுங்கள். கோனுக்கு வெளிப்பக்கமாக அரை மீட்டர் தள்ளி ஓட்டினால் காரின் நடுக்கோடு ஏறத்தாழ 30 மீட்டர் ஆரத்தில் ஓடும். கணக்கு எளிது: இந்த ஆரத்துக்கான எண்ணான 120.7ஐ, ஒரு சுற்றுக்கான நொடியின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். 11.2 நொடி என்றால் 0.96 ஜி, வேகம் 60 கி.மீ.யை ஒட்டி வரும். நேரத்தில் பத்தில் ஒரு நொடி பிசகினால் விடையில் கிட்டத்தட்ட 2 சதவீதம் போய்விடும். அதனால் மூன்று சுற்றுகளைச் சேர்த்து அளந்து மூன்றால் வகுங்கள்.

டயர் ஆறியிருக்கும்போதே, கதவுச் சட்டத்து ஸ்டிக்கரில் உள்ள அளவுக்குக் காற்றைச் சரிசெய்யுங்கள். டயரின் தோள் பகுதியில், அதாவது தரையைத் தொடும் பரப்பு பக்கச்சுவரோடு சேரும் ஓரத்தில், சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு இரண்டு சுற்று போய்ப் பாருங்கள். வெளிப்புற முன் டயரில் கோடு பக்கச்சுவர் வரை அழிந்திருந்தால் காற்று குறைவு. இரண்டு டன் எடை அந்த ஒரு டயரை மாவாக அரைக்கும்; ஐந்து சுற்றுக்கு மேல் விடாமல் ஓட்டினால் ரப்பர் சூடேறி எண் இறங்கத் தொடங்கும்.

எலக்ட்ரிக் காரில் சறுக்க வைப்பது ரீஜென், அதாவது மோட்டாரே வண்டியை மெதுவாக்கி பேட்டரிக்கு மின்சாரம் திருப்பும் முறை. ஒற்றை பெடல் முறையில் காலை எடுப்பதே பிரேக் அடிப்பதுதான். மோட்டார் பின்னால் இருந்தால் வால் வெளியே வீசும். ரீஜெனைக் குறைந்தபட்சத்தில் வையுங்கள். சறுக்கலைத் தானே தடுக்கும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் இயங்கினால் டயரின் எல்லை வருவதற்கு முன்பே அது விசையைக் குறைத்துவிடும். அப்போது வரும் எண் மென்பொருளுடையது. முதலில் அதை இயக்கியே ஓட்டிப் பழகி, பிறகு அதன் தலையீட்டைக் குறைக்கும் ட்ராக் மோடுக்குப் போங்கள். எல்லையில் வளையும்போது டயரின் இழுவை கூடுவதால் இந்த வேகத்துக்கும் மின்சக்தி நிறையச் செலவாகும், எனவே சார்ஜ் அளவையும் கவனித்துக்கொள்ளுங்கள்.

வேகத்தைச் சுற்றுக்கு 2 கி.மீ.யாகக் கூட்டுங்கள். ஸ்டியரிங்கை இன்னும் திருப்பியும் மூக்கு உள்ளே வராமல் முன் டயர் முனக ஆரம்பித்தால் எல்லை அதுதான். அங்கே ஸ்டியரிங்கைக் கொஞ்சம் தளர்த்துங்கள், காலை வெடுக்கென்று எடுக்காதீர்கள்.

இரு திசையிலும் சுற்றிச் சராசரி எடுங்கள். வித்தியாசம் 0.03 ஜியைத் தாண்டினால் காற்றழுத்தத்தையும் வீல் அலைன்மென்ட்டையும் பாருங்கள். சாலைக்கான கோடை டயரில் 0.95ஐ ஒட்டி வருவது இயல்பு. 1.1 வந்தால் கொண்டாடுவதற்கு முன் டேப்பை மறுபடி பிடித்துப் பாருங்கள்.